வருக, வருக, பாக்கியைக் கட்டிவிட்டு வருக

2021 நவம்பர் 1, திங்கட்கிழமை. கத்தோலிக்க நாள்காட்டியில் அனைத்துப் புனிதர் பெருவிழா. அரசாணைப்படி, கொரோனாவுக்கு மூடிய பள்ளிக்கூடம் 1 முதல் 8-ம் வகுப்பு வரை மறுபடி திறக்கும் நாள். இந்தப் பொருத்தம் எங்கள் பங்குச் சாமியாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. “புனிதர்களின் நாளில் நம் குட்டிப் புனிதர்கள் திரும்பி வருகிறார்கள்” என்று வாசலில் நின்று மைக்கில் முழங்கினார். குட்டிப் புனிதர்கள் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் பலூன் வளைவு, ஓரமாக பேண்டு வாத்தியம். தலைமையாசிரியை சிஸ்டர் சானிடைசர் புட்டியோடு நின்று, ஒவ்வொரு கையிலும் தீர்த்தம் தெளிப்பதுபோல் இரண்டு சொட்டு விட்டார். இன்னொரு சிஸ்டர் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டி வெப்பம் பார்த்தார். உள்ளே போகிற பிள்ளைக்கு ஒரு ரோஜா, ஒரு மிட்டாய், ஒரு போட்டோ. ரோஜா ஒரு கட்டுதான் வாங்கியிருந்தார்கள் போலிருக்கிறது. போட்டோ எடுத்து முடிந்ததும் பிள்ளை கையிலிருந்த பூவை ஆயா நைசாக வாங்கிக்கொண்டுபோய் மறுபடி வாசலில் வைத்தார். ஒரே ரோஜா முப்பது பிள்ளைகளை வரவேற்றது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது மிட்டாய்க் காகிதம் மட்டும்.

வளைவைத் தாண்டியதும் மூன்று மேசைகள். முதல் மேசையில் காய்ச்சல் பார்த்தார்கள். இரண்டாவதில் பெற்றோர் சம்மதக் கடிதம் வாங்கினார்கள். மூன்றாவது மேசையில் கணக்கர் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பது அரசின் வழிகாட்டு நெறிமுறை. பாக்கி இருந்தாலும் அனுப்ப வேண்டும் என்பது நிர்வாகத்தின் நெறிமுறை. “அப்பாவை வரச் சொல்லும்மா” என்று சொல்லி இரண்டாம் வகுப்புப் பிள்ளையை ஓரமாக நிறுத்தினார்கள். வாழ்நாளிலேயே முதல்முறையாக அந்த வகுப்பறைக்குள் நுழையப் போன பிள்ளை அது. யூ.கே.ஜி. பாதியில் நிற்கும்போது வீட்டுக்கு அனுப்பினார்கள், ஒன்றாம் வகுப்பை அம்மாவின் போனில் ‘படித்து’ முடித்தது, இப்போது இரண்டாம் வகுப்பின் வாசலில் நிற்கிறது. பேண்டு வாத்தியம் மட்டும் நிற்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பங்கில் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள். தமிழ்நாட்டில் பல பங்குகளில் இதுதான் அமைப்பு. ரோட்டைப் பார்த்த மூன்று மாடிக் கட்டடம் மெட்ரிக் பள்ளி. ஆங்கில வழி, டை, ஷூ, வேன், கட்டணம். அதற்குப் பின்னால், சைக்கிள் ஸ்டாண்டையும் தாண்டி, ஓட்டுக் கூரை போட்ட நீளக் கட்டடம் ஒன்று உண்டு. அது ஆர்.சி. தொடக்கப்பள்ளி. தமிழ் வழி, அரசு உதவி பெறுவது. அங்கே டீச்சர் சம்பளம் அரசாங்கம், புத்தகம் அரசாங்கம், சீருடை அரசாங்கம், சத்துணவு அரசாங்கம். நிர்வாகம் மட்டும் மறைமாவட்டம். இரண்டு பள்ளிக்கும் ஒரே புனிதரின் பெயர், ஒரே தாளாளர், ஒரே கொடிமரம். மெட்ரிக்கில் காணிக்கை கொடுக்கிற குடும்பத்துப் பிள்ளைகள். பின்னால் செங்கல் சூளை, துப்புரவு, கூலி வேலைக்காரர்களின் பிள்ளைகள். நடுவில் தலையளவு சுவர். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கே சாதி பார்த்துச் சுவர் வைத்துப் பழகிய சபைக்கு, உயிரோடு இருக்கிற பிள்ளைகளுக்கு நடுவில் ஒன்று கட்டுவது பெரிய வேலையா?

பலூன் வளைவு ரோட்டுப் பக்கம். பின்பக்கத்து வரவேற்புக்கு கோலம் போட்டிருந்தார்கள், சுண்ணாம்புத் தூளில். சாமியார் அங்கேயும் போனார், மறுக்கவில்லை. மைக் வயர் எட்டவில்லை என்பதால் சுருக்கமாக ஜெபித்துவிட்டு வந்தார்.

மெட்ரிக் பள்ளியின் ‘ஆன்லைன் கிளாஸ்’ எப்படி நடந்தது என்று பார்த்துவிடலாம். காலை 9 மணிக்கு வாட்ஸப்பில் “குட் மார்னிங் சில்ட்ரன்” என்று மிஸ்ஸின் குரல் வரும். வேறொரு வீட்டில், அந்த நேரத்தில் போன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். வீட்டில் இருப்பது அந்த ஒரே போன். அவர் அதை ஸ்பீக்கரில் போட்டு, பிள்ளைக்கு ராத்திரி சொல்லித் தரலாம் என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவார். பள்ளி மூடியிருந்த அந்த ஒன்றரை வருஷத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே கேட் வரை அவர் வண்டியில் போனவர்கள் அத்தனை பேரும் யூ.கே.ஜி. பாஸ். பிள்ளைதான் பெயில். ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா வந்து போனைக் கொடுக்கும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அம்மா உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை எழுதி, போட்டோ எடுத்து அனுப்புவார். மறுநாள் ‘வெரி குட்’ வரும், ஸ்டாருடன். அம்மாவின் கையெழுத்து நன்றாகத் தேறியிருந்தது.

பாடம் நடத்தியது யூடியூப்தான். யாரோ எந்த ஊரிலிருந்தோ போட்ட வீடியோவின் இணைப்பை மிஸ் அனுப்புவார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார், பிறகு அதுவும் நின்றது. சம்பளம் நின்ற தனியார் பள்ளி ஆசிரியர்கள் தமிழ்நாடு முழுக்க என்ன செய்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காய்கறி விற்றார்கள், நூறு நாள் வேலைக்குப் போனார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாமா என்று கேட்டுத்தான் பள்ளி நிர்வாகங்கள் நீதிமன்றப் படியேறின. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், கல்விக் கட்டணத்தில் 40 சதவீதத்தை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள், பள்ளி திறந்த பிறகு 35 சதவீதம் என்றது. மறு வருஷம், வருமானம் குறையாதவர்களிடம் 85, குறைந்தவர்களிடம் 75 என்றது. இரண்டுக்கும் நடுவில் ராஜஸ்தான் பள்ளிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் அனுபவிக்காத வசதிக்குப் பணம் கேட்பது லாப நோக்கம்தான் என்று கண்டித்து 15 சதவீதத்தைக் கழிக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்புகளில் எங்கள் நிர்வாகம் ‘வாங்கிக்கொள்ளுங்கள்’ என்ற சொல் வரைக்கும் வாசித்தது. மேசை மூன்றில் கொடுத்த சீட்டில் ஸ்மார்ட் கிளாஸ் கட்டணம் இருந்தது, பராமரிப்புக் கட்டணம் இருந்தது, ஆண்டு விழாக் கட்டணமும் இருந்தது. நடக்காத ஆண்டு விழாவில் என் பக்கத்து வீட்டுப் பையன் ஆடாத நடனத்துக்கு உடை வாடகை தனி.

வருமானம் குறைந்தது என்று எப்படி நிரூபிப்பது? அதற்கொரு விண்ணப்பம். அதனுடன் வருமானச் சான்று, வேலை போனதற்குச் சான்று, பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம். தாளாளரும் பங்குத்தந்தையும் ஒருவரேதான். பாக்கி வைத்தவன் யோக்கியன் என்று, பாக்கியை வசூலிக்கிறவரிடமே போய்ச் சான்று வாங்க வேண்டும். வாங்கி, அவரிடமே கொடுக்க வேண்டும்.

இரண்டாம் அலையில் தகப்பனைக் கொடுத்த பிள்ளை ஒன்று அந்த வரிசையில் நின்றது. மறுநாள் கல்லறைத் திருநாள். தகப்பன் பெயரை வாசித்துத் திருப்பலி வைத்தார்கள். மெழுகுவர்த்தி உண்டு, மந்திரிப்பு உண்டு. கட்டணத்தில் பத்து சதவீதம் சலுகையும் தந்தார்கள். பெற்றோரில் ஒருவரை கொரோனாவுக்குக் கொடுத்த குடும்பத்துக்கு மாநில அரசு 3 லட்சம் ரூபாய் அறிவித்திருந்தது. அந்தப் பணம் வந்துவிட்டதா என்று அலுவலகத்தில் அக்கறையாக விசாரித்தார்களாம். எங்கள் அலுவலகத்தில் அக்கறைக்கு என்றைக்கும் குறைவிருந்ததில்லை.

அப்படிக் கட்ட முடியாதவர்கள் டி.சி. கேட்டால்? பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. அரசுப் பள்ளிகளில் டி.சி. இல்லாமலே சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசு சொன்ன பிறகுதான் பலருக்கு மூச்சு வந்தது. நாடு முழுக்க இந்த ஓட்டம் நடந்தது. ‘அசர்’ (ASER) கல்வி ஆய்வுப்படி அரசுப் பள்ளியில் படிக்கிற கிராமப்புறப் பிள்ளைகள் 2018-ல் 64.3 சதவீதம், 2021-ல் 70.3. பள்ளிக் கல்வியில் மூன்று வருஷத்துக்குள் ஆறு புள்ளி நகர்வது சாதாரணமல்ல. அரசுப் பள்ளிமேல் திடீரென்று பாசம் பொங்கி யாரும் ஓடவில்லை. மேசை மூன்றைப் பார்த்துவிட்டு ஓடினார்கள்.

ஏழைகளுக்கு இடம் ஒதுக்கச் சட்டமே இருக்கிறதே என்று கேட்கலாம். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீதத்தை நலிந்த பிரிவினருக்குத் தர வேண்டும். எங்கள் மெட்ரிக்குக்கு அது பொருந்தாது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று தீர்த்துவிட்டது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி பள்ளி தொடங்கி நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு காக்கிறது. மிக நல்ல பிரிவு, அதன்மீது கை வைக்கிறவனை நானும் எதிர்ப்பேன். ஆனால் சூளைக்காரன் பிள்ளையும் ஞானஸ்நானம் வாங்கின கத்தோலிக்கப் பிள்ளைதான், சாமி. அவனும் சிறுபான்மைதான். 30-வது பிரிவு அவனை மட்டும் ஏன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கொண்டுபோய் விடுகிறது? ஏழைகள் பேறுபெற்றோர் என்று ஞாயிறுதோறும் கேட்கிறோம். பேறு அவர்களுக்கு, அட்மிஷன் மற்றவர்களுக்கு.

இனி பின்பக்கத்துக் கட்டடம். அங்கே ஆன்லைன் கிளாஸ் என்ற சிரமமே இல்லை. கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, பார்க்கச் சொல்லுங்கள் என்று பெற்றோருக்குத் தகவல் போயிற்று. சூளையில் டி.வி. இல்லை. சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை கொடுத்த நாட்களில் பெற்றோர் வரிசையாக வந்து வாங்கிப் போனார்கள். அந்த வரிசையில் எந்தத் தாயிடமாவது “பையன் எழுதுறானா?” என்று யாராவது கேட்டார்களா என்று விசாரித்துப் பார்த்தேன். ரேகை வைக்கச் சொன்னார்கள், கேட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை.

2021 ஆகஸ்டில் பொருளியலாளர் ழான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் சுமார் 1,400 ஏழைக் குடும்பங்களில் நடத்திய ஆய்வில், கிராமத்துப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவீதம். சுத்தமாகப் படிப்பே இல்லாதவர்கள் 37 சதவீதம். இந்த 37-க்குள் அடங்கியவர்கள்தான் எங்கள் பின்பக்கத்துக் கட்டடம்.

இங்கே நிர்வாகம் வழக்கமாக ஒரு பதில் வைத்திருக்கும். “பள்ளியை மூடச் சொன்னது அரசு, நாங்கள் என்ன செய்ய முடியும்?” உண்மைதான். அரசின் கணக்கையும் பார்த்துவிடுவோம். டாஸ்மாக் கடை 2020 மே 7-ல் திறந்தது. நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் வரை போய் ஒன்பதே நாளில் மறுபடி திறந்தார்கள். வழிபாட்டுத் தலங்கள் 2020 செப்டம்பர் 1-ல் திறந்தன. சினிமா தியேட்டர் அந்த நவம்பரில். ஒன்றாம் வகுப்பு 2021 நவம்பர் 1-ல். அன்றைக்குத்தான் தியேட்டர்களில் நூறு சதவீத இருக்கைக்கும் அனுமதி தந்தார்கள், ஆகவே ஹவுஸ்புல் போர்டும் ‘அ, ஆ’வும் ஒரே நாளில் தமிழ்நாட்டுக்குத் திரும்பின. எந்தக் கட்சி ஆட்சியானாலும் இந்த வரிசை மாறியிருக்காது. ஆறு வயசுக்காரனுக்கு ஓட்டு இல்லை, குவார்ட்டரும் வாங்க மாட்டான்.

சரி, திறக்கக் கூடாது என்றது அரசு. தேடக் கூடாது என்று எந்த அரசாணை சொன்னது? கோயில் திறந்த பிறகு ஞாயிறு பூசைக்கு வராத குடும்பத்தை உபதேசியார் வீடு தேடிப் போய்க் கேட்டார். கோயில் வரி பாக்கி இருந்த குடும்பத்தை, அன்பியம் என்கிற பகுதிக் குழுவின் தலைவர் தேடிப் போய்க் கேட்டார். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வசூல் செய்ய ஒரு வீடு விடாமல் போக முடிந்தது. பள்ளிக்கூடம் வராத பிள்ளையைத் தேடிப் போகத்தான் வைரஸ் குறுக்கே வந்து நின்றது. நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தால் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டுத் தேடிப் போன மேய்ப்பனின் படம் சாமியாரின் அறையில் பெரிய சட்டத்துக்குள் மாட்டியிருக்கிறது. எங்கள் பங்கில் தொண்ணூற்றொன்பதுக்கும் ரசீது போட்டுவிட்டு நூறாவதின் பெயரை அடித்துவிட்டார்கள்.

கோவாவில் பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டினார் என்று மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் இதே சிஸ்டர்கள்தான். 1542-ல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது தமிழும் தெரியாது. ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கடற்கரை மணலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். போன் இல்லை, டேட்டா இல்லை, முதன்மைக் கல்வி அலுவலரின் சுற்றறிக்கையும் இல்லை. கால் இருந்தது. அவர் பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை பள்ளிக்கூடங்கள்! மணி மட்டும் இப்போது எலெக்ட்ரிக், பட்டனை அமுக்கினால் அடிக்கும்.

தேடிப் போனவர்களே இல்லை என்று எழுதினால் அது பொய். எங்கள் பின்பக்கத்துக் கட்டடத்திலேயே ஒரு டீச்சர் உண்டு. ஊரடங்கு தளர்ந்ததும் வாரத்தில் மூன்று நாள் ஸ்கூட்டியில் காலனிக்குப் போய் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து எட்டுப் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்தார். சொந்தக் காசில் சிலேட்டு, சொந்தக் காசில் பிஸ்கட். தகவல் தெரிந்ததும் நிர்வாகம் ஒரு மெமோ கொடுத்தது. அனுமதியின்றிக் கூட்டம் கூட்டியதற்கு விளக்கம் கேட்டு. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடியும் போனார். திறப்பு விழா போட்டோ எதிலும் அவர் இல்லை, அந்த நேரத்தில் கழிப்பறைக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் அவருடைய மூன்றாம் வகுப்பில் ஓரமாக நின்று பார்த்தேன். பாடம் வேண்டாம், கொஞ்ச நாள் கதையும் பாட்டும் விளையாட்டும் போதும் என்று அரசு சொல்லியிருந்தது, நல்ல விஷயம். டீச்சர் கதை சொல்லிவிட்டுப் பலகையில் ‘ஏணி’ என்று எழுதினார். முன்வரிசைப் பெண் பிள்ளை எழுந்தது. 2020 மார்ச்சில் அது ஒன்றாம் வகுப்பு. பலகையையே பார்த்தது. உதடு அசைந்தது. எதையோ கூட்டிப் பார்த்தது. டீச்சரின் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தது. கடைசியில், “எறும்பு” என்றது. வகுப்பு முழுக்கக் கை தட்டியது, ஏனென்றால் வேறு யாருக்கும் அது தவறு என்று தெரியவில்லை. டீச்சர் திரும்பிப் பலகையைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

‘எ’வையும் ‘ஏ’யையும் எழுத்தில் பிரித்துக் கொடுத்தவர் வீரமாமுனிவர் என்று பாடப்புத்தகத்தில் வரும். இத்தாலியில் பிறந்த கத்தோலிக்கப் பாதிரியார். ‘பரமார்த்த குரு கதை’ எழுதியவரும் அவரே. ஆற்றைக் கடந்து கரையேறிய குருவும் ஐந்து சீடர்களும் தங்களை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு தலை குறையும். ஆறு ஒருவனை விழுங்கிவிட்டது என்று கரையில் புரண்டு அழுவார்கள். சிறுவயதில் விழுந்து விழுந்து சிரித்தோம். மடையர்கள்தான், ஆனாலும் ஒருவன் குறைகிறான் என்று தோன்றியதும் அழத் தெரிந்த மடையர்கள். எங்கள் சீடர்கள் அப்படியில்லை. நிஜமாகவே பிள்ளைகளை ஆறு கொண்டுபோயிருக்கிறது, இவர்கள் கரையில் நின்று பேண்டு வாசிக்கிறார்கள்.

அன்று எத்தனை பேர் வரவில்லை என்று தலைமையாசிரியை சிஸ்டரிடம் கேட்டேன். “எல்லாரும் ஆல் பாஸ் சார்” என்றார். நான் கேட்டது அதுவல்ல சிஸ்டர், வராதவர்கள் எத்தனை பேர் என்றேன். “எமிஸ்ல எல்லாம் சரியா இருக்கு” என்றார். எமிஸ் என்பது பிள்ளைகளின் விவரங்களை ஏற்றும் அரசின் இணையப் பதிவேடு. பள்ளியை விட்டுப் போகிறவனின் பெயரை அதில் ‘காமன் பூல்’ என்ற இடத்துக்கு மாற்றிவிட்டால் போதும், அடுத்த பள்ளி எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் அங்கேயே கிடக்கும். அனுப்பிய பள்ளியின் பொறுப்பு அத்தோடு முடிந்தது. அவன் சூளையில் இருக்கிறானா, கடலைத் தோட்டத்தில் இருக்கிறானா, அவள் பெங்களூரில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்க்கிறாளா என்பது எமிஸில் கேட்காத கேள்வி.

பெற்றோர்களாகிய நம்மையும் இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. ‘முதல் வாரத்திலேயே பாட்டும் கூத்துமா? போர்ஷன் எப்போது முடிப்பீர்கள்?’ என்று வாட்ஸப் குழுவில் கேட்டவர்கள் நாம். ஆர்.சி. பள்ளிப் பிள்ளைகளும் அதே குழாயில் தண்ணீர் குடித்தால் தொற்று வராதா என்று கேட்டவரும் நம்மில் ஒருவர்தான். அன்றே அந்தக் குழாய்க்குப் பூட்டு வந்தது. கட்டணம் குறைக்கச் சொல்லிப் போன மனுவுக்கு இரண்டு மாதம் ஆகியும் பதில் வரவில்லை, குழாய்க்கு இரண்டே மணி நேரம்.

திறந்த நான்காம் நாள் தீபாவளி விடுமுறை. அப்புறம் அடைமழை விடுமுறை. டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் செத்துப்போனார்கள். ஒன்றரை வருஷம் பிள்ளையே இல்லாமல் சும்மா கிடந்த கட்டடங்களில் எத்தனை சுவரைத் தட்டிப் பார்த்தார்கள்? பலூன் கட்ட ஏணி போட்டவர்கள் ஓட்டைப் பார்க்க ஒரு தடவை ஏறவில்லை. நெல்லைக்குப் பிறகுதான் எங்கள் பின்பக்கத்துக் கழிப்பறைக்குச் சிவப்புப் பெயிண்டில் ‘பயன்படுத்தாதே’ என்று எழுதினார்கள். மாற்றுக் கழிப்பறை? சூளை மண் மேடு பக்கத்தில்தானே இருக்கிறது. ஜனவரியில் ஓமிக்ரான் வந்து மறுபடி மூடல். 2022 பிப்ரவரி 1-ல் மறுபடி திறப்பு. பழைய வரவேற்பு பிளெக்ஸில் தேதியின்மேல் காகிதம் ஒட்டி மாட்டினார்கள். ஒரு ஓரம் பிய்ந்து, காற்றில் ‘நவம்பர்’ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை ரோஜா இல்லை, மேசை மூன்று மட்டும் இருந்தது.

இதற்கிடையில் அரசு, 2021 அக்டோபர் 27-ல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியிருந்தது. மாலையில் தெருவிலேயே வகுப்பு. நடத்தியது பக்கத்து வீட்டு அக்கா, தன்னார்வலர், மாதம் ஆயிரம் ரூபாய். முழுச் சம்பளக்காரர்கள் தேடாத இல்லத்தை ஆயிரம் ரூபாய்க்காரி தேடினாள். காலனியில் அந்த அக்கா ‘ஏணி’ வரைக்கும் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நிர்வாகம் அந்த ஆண்டு மலரில் ‘கோவிட் காலக் கல்விப் பணிகள்’ என்று நான்கு பக்கம் ஒதுக்கியது. காலனி வகுப்பின் போட்டோ அதில் இருக்கிறது, வேப்பமரத்தோடு. கீழே ‘நம் பள்ளியின் சேவை’ என்று போட்டிருக்கிறார்கள்.

பிறகு 2022 ஜூலை மாதக் கடைசியில் ஓர் அதிசயம் நடந்தது. நிர்வாகமே காலனிக்கு வந்தது. தலைமையாசிரியை சிஸ்டர், இரண்டு டீச்சர்கள், உபதேசியார், ஒரு ஆட்டோ. கால் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததோ என்று நினைத்தேன். விஷயம் வேறு. அரசு உதவி பெறும் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்பது கணக்கு. ஆகஸ்ட் 1-ம் தேதி பெயர்ப் பட்டியலைப் பார்த்துத்தான் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். தலை குறைந்தால் ஒரு டீச்சர் ‘உபரி’, அந்தப் பணியிடம் போய்விடும். போன பணியிடம் திரும்பாது, அதை நிரப்பும் பாக்கியமும் நிர்வாகத்துக்குத் திரும்பாது. அந்தப் பாக்கியத்துக்கு இன்ன விலை என்று ஊரில் பேசிக்கொள்வதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஒரு வீட்டு வாசலில் நின்று, “பையனை ஏன்மா அனுப்பலை?” என்று சிஸ்டர் கேட்டார். பையன் இருந்தால் நாலாம் வகுப்பு.

“அவன் சூளையில நிக்கிறான் சிஸ்டர். அவங்கப்பாவுக்கு முதுகு போச்சு. இப்ப இவன்தான் கல்லு எண்ணிச் சொல்லுறான். மேஸ்திரிகூட ஏமாத்த முடியலை.”

சிஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. வந்த டீச்சர்களில் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். பெயர் இருந்தது. காமன் பூலில்.

“சரிம்மா, பையனை முடியும்போது அனுப்பு” என்றார் டீச்சர். “அவன் ஆதார் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு இருந்தா இப்பவே கொடுத்துடு.”